நாலு வரைக்கும் பொறு

“வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்கன்னா நான் சொன்னேன்? வெண்டைக்காய்னு ஆரம்பிச்சேன், அதுக்குள்ள நீங்க—”

“ஆரம்பிச்சியா இல்லையா? உன் வாயிலேர்ந்து வெண்டைக்காய்னு வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு. அதுக்குப் பின்னாடி—”

“வந்துச்சுல்ல! ரெண்டு கிலோ. நல்ல பிஞ்சு. ஒடிச்சுப் பாரு, டப்புனு—”

“வெண்டைக்காய் வாங்கிடாதீங்க, நேத்து வாங்கினதே வழவழன்னு கிடக்குன்னு சொல்ல வந்தேன்! முப்பத்தோரு வருஷத்துல என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கீங்களா?”

“நீ முடிக்கிறதுக்குள்ள கடையைச் சாத்திடுவான்டி.”

“மௌன குரு பேரை வச்சாங்க பாருங்க உங்களுக்கு! தட்சிணாமூர்த்தியாம்!”

“உனக்கு மட்டும் என்ன, கோகிலவாணியாம். குயில் கூவுற மாதிரியா இருக்கு? இப்படியே போனா ஒரு நாளைக்குப் பிரிஞ்சுதான் போகணும்.”

“பிரிஞ்சா எனக்கு என்ன நஷ்டம்? வெண்டைக்காய் மிச்சம்!”

கூடத்துச் சுவரிலிருந்து மணியோசை கேட்டது. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அப்படி நடப்பது அபூர்வம்.

மணி அடித்தது சாட்சி. உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வட்டம். வீட்டுக்கு ஒன்று உண்டு. வாய்ச்சொல்லே கையெழுத்து என்று சட்டம் வந்த நாளிலிருந்து யாரும் தாலுகா ஆபீஸ் படி ஏறுவதில்லை. பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்கும், நாம் சொல்வோம். அது பதிவகத்துக்குப் போய்விடும். வீட்டில் இருவர் வாயிலும் ‘பிரிவு’ என்ற பேச்சு வந்தால் சாட்சி ஒரு தடவை கேட்டே ஆகவேண்டும். அது சட்டம்.

“இருவருக்கும் பிரிந்து வாழச் சம்மதமா?” என்றது சாட்சி, ரயில்வே அறிவிப்புக் குரலில்.

“எனக்குச் சம்மதம்னு எவன் சொன்னான்?” என்று எகிறினார் தட்சிணாமூர்த்தி.

“எனக்குச் சம்மதம் இல்லவே இல்லை, உன் வேலையைப் பார்!” என்றாள் வாணி, அதே நேரத்தில்.

“இருவர் சம்மதமும் பெறப்பட்டது. நன்றி. இன்று மாலை ஐந்து மணிக்கு முத்திரை விழும். இது தம்பதியர் குடியிருப்பு என்பதால், கணவர் ஒற்றையர் விடுதிக்கு மாற்றப்படுகிறார். கட்டில் எண் இருநூற்றுப் பதினான்கு. வண்டி கிளம்பிவிட்டது.”

“என்னது?”

“மேல் கட்டில்” என்று தெளிவுபடுத்தியது சாட்சி.

தட்சிணாமூர்த்தி வெண்டைக்காய்ப் பையோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மணி மூன்றே கால்.

“நீ எழுதின மெஷின்தானே இது?” என்றார் மெதுவாக. “உன் வளர்ப்பு எப்படி இருக்கு பாத்தியா?”

அது உண்மை. சாட்சி பதிலை வாங்கிப் படிக்கிற பகுதியை எழுதியவள் வாணிதான். இருபத்துநாலு வயதில், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு மொழியில். அந்த மொழி தெரிந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போக, இப்போது பதிவகத்துக்கு அவள் ஒருத்திதான் மிச்சம். அவளும் ஏதாவது ரிப்பேர் என்றால் மட்டும் கணினியைத் திறப்பாள்.

போன் அடித்தது. பதிவக அலுவலர் இன்னாசிமுத்து.

“மேடம், காலையிலேர்ந்து ஊரே தலைகீழா இருக்கு. செத்துப்போகாத பதினோரு பேருக்கு இறப்புச் சான்றிதழ் போயிருக்கு. ‘நான் செத்துட்டேன்னு யார் சொன்னது’ன்னு கேட்டவங்களைத்தான் அது எழுதியிருக்கு. உங்க பிளாக்குல சங்கத் தலைவர் தேர்தலுக்கு ‘நிக்கப் போறதில்லை’ன்னு சொன்ன அத்தனை பேரும் வேட்பாளர்.”

“உங்க குரல் ஏன் தம்பி ஒரு மாதிரி இருக்கு?”

“‘ராஜினாமா பண்ற எண்ணம் எனக்குக் கிடையாது’ன்னு ஒரு படிவத்துக்குப் பதில் சொன்னேன் மேடம். நான் உக்காந்திருக்கிற நாற்காலி இப்ப என்னுது இல்லை. வேற ஆளு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்காரு. நீங்க கொஞ்சம் சீக்கிரமா—”

வாசல் கதவை யாரோ இடித்தார்கள். தட்சிணாமூர்த்தி கதவைத் திறந்தார். மூன்றாம் மாடி ஷரிஃபா நின்றிருந்தாள், கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை லிப்டுக்குள் இருந்தது. லிப்டிலிருந்து ஒரு பசு எட்டிப் பார்த்தது.

“அண்ணே, மாடு வளர்க்கிறீங்களான்னு கேட்டுச்சு. மாடு வளர்க்க எனக்கு ரொம்ப ஆசை, ஆனா மாடி வீட்டுல எப்படின்னு சொன்னேன். ஆசையோட நிறுத்திக்கிச்சு அண்ணே அது! அக்காவைக் கூப்பிடுங்க.”

“அக்கா எனக்கே விவாகரத்து பாத்துக்கிட்டிருக்கா. நீ மாட்டை—”

“விவாகரத்தா!” ஷரிஃபா வாயில் கை வைத்தாள். “வெண்டைக்காய்க்கா? கீழே வரைக்கும் கேட்டுச்சுண்ணே.”

“எல்லாரும் சத்தம் போடாதீங்க” என்றாள் வாணி உள்ளேயிருந்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்திருந்தாள். “ஷரிஃபா, வெண்டைக்காய் ரெண்டு கிலோ இருக்கு. மாட்டுக்குப் போடு.”

பசுவும் வெண்டைக்காயும் போன பிறகு வீடு அமைதியானது. திரையில் பழைய எழுத்துகள் வரிவரியாக ஏறின. தட்சிணாமூர்த்தி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“எங்க தப்பு? இந்த வரியா? இதை அழிச்சிடு.”

“நகருங்க. முதல்ல என்ன நடக்குதுன்னு பாக்கணும். ஹேண்ட்லர்னு ஒண்ணு வச்சிருக்கேன். வாசல்ல மணியடிச்சா எழுந்து போற ஆளுன்னு வச்சுக்குங்க. பதில் வர்ற வழியில நாலு நிலை. ஒண்ணு, லைன் திறந்தாச்சு. ரெண்டு, உறை வந்தாச்சு. மூணு, உள்ள இருக்கிற சேதி வந்துக்கிட்டே இருக்கு. நாலு, எல்லாம் வந்து முடிஞ்சுது. நிலை மாறுறப்பல்லாம் மணியடிக்கும். மூணாவது நிலையில சேதி துண்டுதுண்டா வந்தா, துண்டுக்கு ஒரு தடவை—”

“எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணிக்கிட்டு—”

“நான் முடிக்கலை.”

அவர் வாயை மூடினார். மூடிய வாய் இரண்டு நொடி தாங்கியது. “இல்லை, கேக்குறேன்” என்றார்.

வாணி எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே அவருடைய பித்தளை விசில் கிடந்தது. பஸ்ஸில் கண்டக்டர் வேலையையே எடுத்த நாளில் அவர் கழற்றி வைத்தது. இருபது வருஷம் கண்டக்டராக இருந்தவர். ஏறுகிறவர் ‘சத்…’ என்றாலே சத்திரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். சத்யா நகர் போகவேண்டியவர்கள் பலபேர் சத்திரத்தில் இறங்கி நடந்திருக்கிறார்கள்.

“இதை வாயில வச்சுக்குங்க. ஊதாதீங்க.”

விசிலை வாயில் வைத்ததும் அவர் முகம் ஒரு பழைய போட்டோ போல ஆகிவிட்டது. வாணி திரும்பி உட்கார்ந்தாள்.

“மணியடிக்கும்போதெல்லாம் கையில என்ன இருக்குன்னு எழுதிக் காட்டுன்னு ஒரு வரி சேர்த்திருக்கேன். நான் சொன்ன பதிலையே திரும்ப ஓட்டுறேன், பாருங்க.”

திரையில் விழுந்தது:

1 — (ஒன்றுமில்லை)
2 — (ஒன்றுமில்லை)
3 — எனக்குச்
3 — எனக்குச் சம்மதம்
3 — எனக்குச் சம்மதம் இல்லவே
4 — எனக்குச் சம்மதம் இல்லவே இல்லை, உன் வேலையைப் பார்

இரண்டாவது மூன்றுக்குப் பக்கத்தில் சிவப்பில் ‘பதிவு செய்யப்பட்டது’ என்று இருந்தது.

விசில் லேசாகக் கீச்சிட்டது. அவர் அதை எடுத்துவிட்டு, “நாலுல தானேடி படிக்கணும்? மூணுலயே படிச்சிருக்கே!” என்றார்.

“அதேதான்.”

“அப்ப நான் ஒத்தை விசில் குடுத்ததும் டிரைவர் கெளம்பிட்ட மாதிரி!”

வாணி திரும்பி அவரைப் பார்த்தாள். பாராட்டுகிற பார்வை. “சரியாச் சொன்னீங்க. ரெட்டை விசில்தான் போலாம் ரைட். நான் அது வரைக்கும் பொறுன்னு எழுதலை. இருநூறுன்னு ஒரு எண் வரும். ‘எல்லாம் சரி’ன்னு அர்த்தம். அந்த எண் வந்துதான்னு மட்டும் பார்த்தேன். ஆனா அது உறையோடயே வந்துடும். உள்ள கடுதாசி பாதி வழியில இருக்கும்.”

“இத்தனை வருஷம் யாரும் கண்டுபிடிக்கலையா?”

“இங்கிலீஷ்ல சோதனை பண்ணினாங்க. அவன் எடுத்த எடுப்பிலேயே நோ சொல்லிடுவான். முதல் துண்டுலயே விஷயம் வந்துடும். நம்ம ஆளுங்க அப்படியா? சுத்திச் சுத்திப் பேசிட்டு, இல்லை, மாட்டேன், கிடையாதுங்கிறதைக் கடைசிச் சொல்லா வச்சிருக்கோம். அதைப் பாக்காம நம்மளைப் படிச்சா எல்லாத்துக்கும் தலையாட்டுறவங்களாத்தான் தெரிவோம்.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“லைன் நல்லா இருந்துச்சு. பதில் முழுசா ஒரே துண்டா வந்து விழுந்துடும். நேத்து ராத்திரியோட புது லைன் மாத்தியிருக்காங்க. அது சொல்லுக்குச் சொல் நறுக்கி அனுப்புது.”

அவர் வெட்கப்படாமல் சொன்னார்: “அந்த மெஷினை ஏன்டி குத்தம் சொல்லணும். நான் வெண்டைக்காய் வாங்கின மாதிரித்தான் அதுவும் வாங்கியிருக்கு.”

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு வரி அடித்தாள். நாலு இல்லையென்றால் எதுவும் செய்யாதே என்று அதற்குப் பொருள். பேசுகிறவர் வாயை மூடி ஐந்து நொடி ஆனால் சாட்சி லைனை மூடும், அதுதான் நாலு. முப்பத்தோரு வருஷத் தவறுக்கு மருந்து அவ்வளவுதான், ஒரு வரி.

கீழே வண்டிச் சத்தம் கேட்டது. மணி நாலே முக்கால். விடுதி வண்டி வந்துவிட்டது. தட்சிணாமூர்த்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “மேல் கட்டில்னா ஏணி இருக்குமா?” என்று கேட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

“எழுதிட்டல்ல? அமுக்கு!”

வாணியின் விரல் விசைக்கு மேலே நின்றது. திரையில் ஒரு கேள்வி இருந்தது: ‘திருத்தம் ஏற்கப்பட்டால் முதல் பதிவிலிருந்து எல்லாப் பதில்களும் மறுபடி முழுமையாகப் படிக்கப்படும். தொடரலாமா?’

“அமுக்குடி.”

“இருங்க. ஒரு விஷயம் யோசிக்கணும். முதல் பதிவுலேர்ந்து—”

“அஞ்சு மணிக்கு முத்திரை விழுந்துடும், இவ யோசிக்கிறாளாம். அங்க மாடு லிப்டுல நிக்குது, இன்னாசிமுத்து நின்னுக்கிட்டு வேலை பாக்குறான்—”

“நான் சொல்றதை முழுசா—”

“போலாம் ரைட்!” என்று கையை நீட்டி அவரே அமுக்கிவிட்டார்.

சாட்சி இரண்டு முறை மணியடித்தது.

“மறுவாசிப்பு தொடங்குகிறது. பதிவு எண் ஒன்று. திருமணம். மணமகன் தட்சிணாமூர்த்தி, மணமகள் கோகிலவாணி.”

“அட, நாமதான் ஒண்ணாம் நம்பர்!” அவருக்கு அந்த நேரத்திலும் பெருமை. “பஸ் டிப்போவுல பதிவு முகாம். நல்ல மழை. உங்க கம்பெனிக்காரங்கதானே, எங்க ஆளு கல்யாணத்தையே முதல் பதிவாப் போடலாம்னு நாகஸ்வரமெல்லாம் வச்சாங்க?”

“மணமகனிடம் கேட்கப்பட்ட கேள்வி: தட்சிணாமூர்த்தி ஆகிய உங்களுக்கு, கோகில— மணமகனின் பதில்: சம்மதம்” என்றது சாட்சி. “கேள்வி முடியும் முன்பே பெறப்பட்டது. செல்லும்.”

“செல்லும்” என்றார் அவர், வாணியைப் பார்த்து.

வாணி கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தியால் துடைக்க ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“மணமகளின் பதில்: எனக்குச் சம்மதம்னு இப்போதைக்குச் சொல்ல முடியலை, ரெண்டு நாள் டைம் குடுங்க. முழுமையாகப் படிக்கப்பட்டது. சம்மதம் இல்லை. திருமணம் செல்லாது. நடக்காத திருமணத்துக்கு விவாகரத்து தேவையில்லை. அந்தப் பதிவும் நீக்கப்படுகிறது. இருவரும் தம்பதியர் அல்லாததால்—”

“நிறுத்து” என்றாள் வாணி. சாட்சி நிறுத்தியது.

தட்சிணாமூர்த்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நீ அப்படிச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலையே.”

“எப்படிக் கேக்கும்? மழையில லைன் இழுத்து இழுத்து வந்துச்சு. ‘எனக்குச் சம்மதம்’ வரைக்கும் போனதுமே மெஷின் வாழ்த்துகள்னுடுச்சு. நாகஸ்வரக்காரர் ஊதிட்டார். எங்க மேனேஜர் பூத் தூவிட்டார். நீங்க மாலையைப் போட்டுட்டீங்க. நான் மிச்சத்தை மேளத்துக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“அப்ப இந்தத் தப்பு…”

“அன்னிக்கே தெரியும்.”

“முப்பத்தோரு வருஷமாவா? தெரிஞ்சும் ஏன்டி திருத்தலை?”

“திருத்தினா ஒண்ணாம் நம்பர்லேர்ந்து படிக்குமே.” அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “அப்புறம் நல்ல லைன் வந்துது. பிழை தூங்கிடுச்சு. தூங்குறதை எதுக்கு எழுப்பணும்னு விட்டேன். ஊருக்கு இப்படி விடியும்னு தெரிஞ்சிருந்தா… இல்லை, பொய் சொல்லக் கூடாது. தெரிஞ்சிருந்தாலும் தள்ளித்தான் போட்டிருப்பேன். பதினோரு பேரைச் சாகடிச்சிருக்கேன் நான், என் ஒருத்தி வசதிக்கு.”

“அவங்கதான் இப்ப எழுந்துடுவாங்களே” என்றார் அவர், ஆறுதலாக. உடனே முகம் சுருங்கியது. “ரெண்டு நாள் கேட்டியே. ரெண்டு நாள் கழிச்சு என்ன சொல்லியிருப்பே? மாட்டேன்னுதானே? கண்டக்டர் மாப்பிள்ளை, வாயாடி, உன் படிப்பு என்ன என்—”

“விசிலை வாயில வைங்க.”

வைத்தார்.

“ரெண்டாம் நாள் நான் ஆபீசுக்கு உங்க பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன். ஞாபகம் இருக்கா? ஆட்டாதீங்க, நான் சொல்றேன். ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டிருந்த பஸ்ஸை ஒத்தை விசில்ல நிறுத்தினீங்க. என் செருப்பு வார் அறுந்துபோச்சு. கையில எடுத்துக்கிட்டு நடந்து வந்தேன். பஸ்ஸு முழுக்கக் கத்துது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் ஏறி, உக்காந்து, மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும் நீங்க ரெட்டை விசில் குடுக்கலை. விசிலை இதே மாதிரி வாயில வச்சுக்கிட்டு நின்னீங்க. இந்த ஜென்மத்துல நீங்க ஒரு காரியம் முடியட்டும்னு காத்திருந்து நான் பார்த்தது அது ஒண்ணுதான்.”

விசிலிலிருந்து காற்றுப்போல ஒரு சின்னச் சத்தம் வந்தது.

“நிறுத்தம் காலாவதியாகிறது” என்றது சாட்சி. “இருவரும் தம்பதியர் அல்லாததால் இந்த வீடு ஐந்து மணிக்குத் திரும்பப் பெறப்படும். ஆட்சேபம் இருந்தால் பதிவு எண் ஒன்றின் கேள்வியை மறுபடி கேட்க வழி உண்டு. மணமகனின் பதில் ஏற்கெனவே செல்லும். மணமகளிடம் மட்டும் கேட்கலாமா?”

“கேளு” என்றாள் வாணி.

போன் அதிர்ந்தது. இன்னாசிமுத்து செய்தி அனுப்பியிருந்தார்: ‘நாற்காலி கிடைச்சிடுச்சு மேடம். பதினோரு பேரும் உயிரோட இருக்காங்க.’ கீழே ஷரிஃபா யாரிடமோ, மாட்டைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் அது வெண்டைக்காய்க்குப் பழகிவிட்டதால் நகர மறுக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுதி வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மணி நாலு ஐம்பத்தெட்டு.

“கோகிலவாணி ஆகிய உங்களுக்கு, தட்சிணாமூர்த்தியை மணக்கச் சம்மதமா? பதிலை முழுமையாகக் கூறவும். முடியும்வரை காத்திருப்பேன்.”

தட்சிணாமூர்த்தி இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தார். விசில் அவர் பல்லிடுக்கில் நடுங்கியது. அவர் ஊதவில்லை.

வாணி அவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள். அவசரமே இல்லாமல், மேசையிலிருந்த ஆறிப்போன காப்பியில் ஒரு மிடறு குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குச் சம்மதம்”